பன்னிரண்டாவது தூளி

உங்கள் உளவியல் கூட்டத்துக்கு என்னை அழைத்த பெண், எனக்குக் கற்றுக் கொடுத்த நிபுணர்களைப் பற்றிப் பேசச் சொன்னாள். மாதத்துக்கு ஒரு நிபுணரைப் பிடித்து நடுவில் உட்கார வைத்து, கேள்வி கேட்டுத் தொழில் கற்கிறீர்களாம். நல்ல பழக்கம். எங்கள் காலத்தில் நிபுணரிடம் கேள்வி கேட்டால் முறைப்பார். ஆனால் என் பட்டியலைக் கேட்டால் உங்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். முதலில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ். அடுத்து கொழுந்து கிள்ளும் ஒரு பெண். மூன்றாவது, அந்தத் தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா. மூன்று பேரிடமும் ஒன்றரை நாளில் படித்தேன். அதற்கு முன் ஆறு வருடம் புத்தகத்தில் படித்திருந்தேன்.

டெஸ்ட் எடுப்பது, மார்க் போடுவது, கேஸ் எழுதுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகவில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம். பத்து வயதில் என்னை ஹாஸ்டலில் விட்டார்கள். அதன்பின் ஹாஸ்டல் விட்டு ஹாஸ்டல் மாறினேனே தவிர வீட்டில் வாழவில்லை. அக்காக்களின் பிரசவம், பெரியவர்களின் சாவு எல்லாம் எனக்குக் கடிதத்தில்தான் வந்து சேர்ந்தன. படித்து முடித்து, மலைக்குக் கீழே ஒரு மனநல ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சுற்றுவட்டாரத்தில் உளவியல் படித்தவள் நான் ஒருத்தி. தலையில் கொம்பு முளைத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூணாறுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்திலிருந்து மேனேஜர் கடிதம் எழுதியிருந்தார். லூர்துமேரி, வயது இருபத்திரண்டு, கொழுந்து கிள்ளும் தொழிலாளி. ஐந்து மாத ஆண் குழந்தை இறந்து இரண்டு வாரம் ஆகிறது. எட்டாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். ஆனால் தினமும் காலையில் ஒரு வெறும் துணி மூட்டையைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்து, பிள்ளைகளை விடும் ஆயா வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறாள். பால் கொடுக்கும் நேரத்துக்கு வந்து அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். மற்ற தாய்மார்கள் பயப்படுகிறார்கள், பிள்ளைகளை அங்கே விடத் தயங்குகிறார்கள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீங்கள் ஒரு தாள் தந்தால் கீழே அனுப்பிவிடலாம்.

எங்கள் டாக்டர் லீவில் இருந்தார். போய்ப் பார்த்து எழுதும்படி என்னை அனுப்பினார்கள். அந்தத் தாளின் கனம் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்தவர்களில் பாதிப் பேரைக் கூட்டிப்போக யாரும் வரமாட்டார்கள். லூர்துவுக்குப் புருஷனும் இல்லை. கம்பம் பக்கம் வேலைக்குப் போனவன் திரும்பவே இல்லை. தோட்டத்துப் புத்தகத்தில் பேர் இருக்கும் வரைதான் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீடு. பேரை வெட்டினால் வீடும் போய்விடும். என் கையெழுத்தில் ஒருத்தியின் மிச்ச வாழ்க்கை இருந்தது.

மூணாறு வரை பஸ்ஸிலும் அதற்குமேல் தோட்டத்து ஜீப்பிலும் போனேன். மழை விட்டிருந்தது, பனி விடவில்லை. பத்தடி முன்னால் இருக்கும் சவுக்கு மரம் தெரிகிறது, அதற்கு அப்பால் உலகமே இல்லை. நோயாளியை அவர் புழங்கும் இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் சொல்லியிருந்தார். அதன்படி நேராக ஆயா வீட்டுக்குப் போனேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

நீளமான ஒற்றை அறை, தகரக் கூரை. குறுக்குக் கட்டையிலிருந்து வரிசையாகப் பன்னிரண்டு துணித் தூளிகள் தொங்கின. அந்த ஆயாவின் பெயர் சண்முகத்தாய். ஐம்பதை ஒட்டிய வயது. ஒரு கால் சரியில்லாததால் மலையிலிருந்து எடுத்து இங்கே போட்டிருந்தார்கள். வரிசையாக ஒவ்வொரு தூளியையும் ஒரு தட்டுத் தட்டி ஆட்டிவிட்டுக்கொண்டே நடந்தாள். பதினொன்றில் குழந்தைகள் இருந்தன. பன்னிரண்டாவதற்கு வந்ததும் நின்றாள். துணியை இரண்டு விரலால் விலக்கி உள்ளே பார்த்தாள். முகம் மலர்ந்தது. மறுபடி மூடிவிட்டு, மெதுவாக ஆட்டினாள்.

நான் அப்போது வாசலில் நின்று, என்னைக் கூட்டிவந்த டிரைவரிடம் ஏதோ சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆயா திரும்பி, உதட்டில் விரல் வைத்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அந்தத் தூளியில் யாரும் இல்லை என்று கடிதத்தில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன், ஆனாலும் தாழ்த்திக்கொண்டேன். அந்த அறையில் அப்படித்தான் இருக்கத் தோன்றியது.

பத்து மணிக்குத் தாய்மார்கள் வந்தார்கள். முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு. கையைக் கழுவிக்கொண்டு அவரவர் பிள்ளையை எடுத்து வெளியே கொண்டுபோய்விட்டார்கள். ஒருத்தி கூட உள்ளே உட்காரவில்லை. கடைசியாக லூர்து வந்தாள். ஒல்லியான பெண், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. அவளும் கையைக் கழுவினாள். சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஆயா பன்னிரண்டாவது தூளியிலிருந்து துணி மூட்டையைப் பதனமாக எடுத்து அவள் மடியில் வைத்தாள். லூர்து அதை மாரோடு அணைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்தாள். ஒரு தடவையும் குனிந்து அதைப் பார்க்கவில்லை. வெளியே ஏதோ ஒரு பிள்ளை வீறிட்டதும் அவள் முதுகு விறைத்தது.

அங்கேயே பேசிவிட்டேன். நான் ஒரு முக்காலியில், லூர்து தரையில், ஆயா பக்கத்தில். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். சுகமாக இருக்கிறான் என்றாள். பால் குடித்தானா என்றேன். ஆயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குடித்தான் என்றாள். அழுகையே இல்லை, குரலில் ஏற்ற இறக்கமும் இல்லை. எழுந்துபோகும்போது அவளிடமிருந்து மல்லிகை வாசனை வந்தது. தலையைப் பார்த்தேன், பூ இல்லை. அந்தக் குளிரில் மல்லிகை பூக்காது, போடியிலிருந்து பஸ்ஸில் வந்தால்தான் உண்டு. பிள்ளை செத்த மூன்றாம் வாரத்தில் பூ வாங்கி வைத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. நான் எழுதியதை அப்படியே சொல்கிறேன், சிரியுங்கள்: துக்கத்தின் அடையாளம் எதுவும் இல்லை, பூவிலும் அலங்காரத்திலும் நாட்டம், குழந்தை உயிரோடு இருப்பதாக அசையாத நம்பிக்கை. அழகான கையெழுத்தில் ஒரு பக்கம். சாயங்காலமே மேனேஜர் கையில் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை ஜீப் ஏற்பாடாயிற்று.

அன்று தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸின் குவார்ட்டர்ஸில் தங்கினேன். மலையாளி. இருபது வருடமாக அங்கேயே இருந்தவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். கப்பைக் கிழங்கு வேகவைத்துப் போட்டார். நான் என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவும் இல்லை, நானாகச் சொல்லவும் இல்லை. நிபுணருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கப்பை தின்றுவிட்டுப் பேசாமல் தூங்கப் போனவள் நான்.

காலையில் லூர்துவை ஆஸ்பத்திரி பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். கீழே போகப்போவதை அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள், ஆயா வீட்டுக்கு ஒரு நிமிடம் போய்விட்டு வரட்டுமா என்று. முடியாது என்றேன். பொய்யான நம்பிக்கைக்குத் தீனி போடக் கூடாது என்று படித்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். நான் மறுபடியும் முடியாது என்றேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பனி வாசற்படி வரை வந்து நின்றது.

சிஸ்டர் மருந்து அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். வழிக்கு வேண்டியதைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், எட்டு முழம் பழைய வேட்டித் துணியையும் சேர்த்து வைத்தார். இது எதற்கு என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கட்டு மாற்ற என்றார். என்ன கட்டு, காயம் எங்கே என்றேன். சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பூ வாசனை வந்ததா இல்லையா என்று கேட்டார். வந்தது, எழுதிக்கூட வைத்திருக்கிறேன் என்றேன்.

"குட்டி, அது தலைக்கு வெக்கற பூவல்ல" என்றார் சிஸ்டர். "பாலு வத்தறதுக்கு மாருல வெச்சுக் கெட்டினதாணு. பிள்ளையை அடக்கின அன்னிக்கே வந்து எங்கிட்ட துணி கேட்டு வாங்கிட்டுப் போயி."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிள்ளை உயிரோடு இருப்பதாக நம்புகிறவள் பாலை வற்ற வைப்பாளா? அடக்கம் செய்த அன்றே இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நம் வீடுகளில் மல்லிகை வைத்துக் கட்டும் வழக்கம் இன்றைக்கும் சில இடங்களில் உண்டு. எந்தச் சித்தியைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். நான் யாரையும் கேட்கவில்லை.

வெளியே வந்து லூர்துவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. அவளோடு தனியாக நான் உட்காருவது அப்போதுதான் முதல் தடவை.

"ஏனம்மிணி, பையன் எங்கிருக்கிறான்?" என்று கேட்டேன்.

அவள் முதலில் வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள். அப்புறம், "மாதா கோயிலுக்குப் பின்னால. ரெண்டாவது வரிசையில" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். பிள்ளை தூளியிலேயே இறந்துபோனான். பால் கொடுக்க வந்து அவள் எடுத்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அடக்கத்துக்கு லயமே போனது, ஆயா மட்டும் போகவில்லை. மற்ற பதினொரு பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? அவள் தன் இடத்திலேயே தூளிகளை ஆட்டிக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் லூர்து வேலைக்குப் போகும் வழியில் ஆயா வீட்டு வாசலில் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேச நின்றிருக்கிறாள். ஆயா எப்போதும் போல இரண்டு கையையும் நீட்டியிருக்கிறாள், பிள்ளையைக் கொடு என்று. ஆயாவின் முகத்தில் விளையாட்டு இல்லை. கை நீட்டியபடியே இருந்தது. பின்னால் மற்ற பெண்கள் காத்திருந்தார்கள். லூர்து தன் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அந்தக் கையில் வைத்தாள். ஆயா அதை வாங்கி முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே கொண்டுபோனாள்.

அன்று தொடங்கியது. வராமல் இருந்தால் ஆயா என்ன செய்துகொள்வாளோ என்று பயந்து தினமும் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பார்த்தவர்களுக்கு மூட்டையை ஏந்தி வந்தவள்தான் பைத்தியமாகத் தெரிந்தாள். வாங்கிக்கொண்டவளைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவள் வேலையே தூளி ஆட்டுவதுதானே. நேற்று என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று லூர்துவைக் கேட்டேன். சண்முகத்தாய் அக்காவை அருகில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

பால் மட்டும் வற்றவில்லை என்றாள். தினமும் அந்த அறையில் மற்ற பிள்ளைகள் அழுவதைக் கேட்டால் எப்படி வற்றும்?

அப்போதுதான் கொழுந்துக்காரப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். ஆயாவைக் காணோம். காலையில் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றவள் வேறு யாருடைய பிள்ளையையும் வாங்கவில்லையாம். தாய்மார்களே உள்ளே போய்த் தூளியில் போட்டுவிட்டு மலைக்குப் போயிருக்கிறார்கள். பத்து மணிக்கு வந்து பார்த்தால் பதினொரு பிள்ளைகளும் தனியாகக் கத்திக்கொண்டிருக்கின்றன. முந்தின சாயங்காலம் லூர்து பன்னிரண்டாவது தூளியிலேயே விட்டுப் போயிருந்த துண்டையும் காணவில்லை. ஆயா அதை ஏந்திக்கொண்டு மேல்மலைப் பக்கம் போனதைத் தூரத்திலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். லூர்துவின் செட்டுக்கு அன்று அங்கே கொழுந்து எடுக்க வேண்டிய முறை. பிள்ளைக்குப் பால் நேரம் ஆகிவிட்டது என்று தாயைத் தேடிப் போயிருக்கிறாள் ஆயா. அந்த மலையின் ஓரம் பாறை. பாறைக்குக் கீழே ஒன்றுமில்லை.

லூர்துவைக் காலையில் ஒரு நிமிடம் அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. சிஸ்டரைப் பிள்ளைகளிடம் ஓடச் சொல்லிவிட்டு நானும் லூர்துவும் மேலே ஏறினோம்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பனி அடர்ந்து, முன்னால் போகும் லூர்துவின் முதுகு அவ்வப்போது காணாமல் போய்த் திரும்ப வந்தது. மேலே எங்கேயோ பிள்ளையைத் தேற்றும் குரல் கேட்டது. ஓ, ஓ, ஓ என்று அதே தாளத்தில். ஒரு தடவை இடது பக்கம் கேட்டது. ஒரு தடவை எங்களுக்குப் பின்னாலிருந்து கேட்டது. நின்றால் குரலும் நின்றது. நடந்தால் தொடங்கியது. அப்புறம் அந்தக் குரலுக்கு நடுவே ஒரு கைக்குழந்தை சிணுங்குகிற சத்தம் வந்தது. கற்பனை என்று நினைத்தேன். ஆனால் முன்னால் போன லூர்துவும் நின்றுவிட்டாள். இரண்டு கையாலும் மாரை இறுக்கிக்கொண்டாள். அவள் ரவிக்கை நனைந்திருந்தது.

"பறவைதான்னு தெரியும், டாக்டரம்மா" என்றாள். "உடம்புக்குத்தான் தெரிய மாட்டேங்கு."

எந்தப் பறவை என்று பிறகு பலரிடம் விசாரித்தேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

செடிகள் முடிந்த இடத்தில் பாறை தொடங்கியது, வழுவழுவென்று நனைந்து கிடந்தது. பதினைந்தடி கீழே, சரிவில், சரியில்லாத காலை மடக்கி ஊன்றி ஆயா நின்றாள். அவளுக்குப் பின்னால் வெள்ளையாகப் பனி. கையில் மூட்டை. முந்தானையால் அதன் தலைப் பக்கத்தை மூடியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. எங்கே போயிட்டே, பிள்ளை கத்துதான், வந்து வாங்கு என்று லூர்துவைக் கூப்பிட்டாள். கூப்பிட்டபடியே ஓரடி பின்னால் வைத்தாள், காலுக்குத் தோதான இடம் தேடி.

லூர்து என் காதருகே வந்தாள். "எப்பவும் போல வாங்கிக்கிடட்டா, இல்ல சொல்லிப்புடட்டா?" என்றாள். எனக்கு என்னவோ தெரியும் என்று நம்பிக் கேட்டாள்.

நோயாளியின் பொய்யான நம்பிக்கையோடு வாதாடவும் கூடாது, அதற்குத் துணைபோகவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் பேசும் வாக்கியங்களை எங்களுக்கு வகுப்பில் எழுதிப் போட்டிருந்தார்கள். அந்தப் பாறையில் ஒரு வாக்கியமும் நிற்கவில்லை. ஆயாவிடம் உண்மையைச் சொன்னால் எந்தப் பக்கம் நகருவாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. முதலில் கால் மண்ணுக்கு வரட்டும், மனசை அப்புறம் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக, தெரிந்தே, அந்தப் பொய்க்குள் நானும் காலை வைத்தேன்.

"பிள்ளைக்குப் பனி ஆகாதுன்னு சொல்லு, அம்மிணி. மேல கொண்டுவரச் சொல்லு."

லூர்து சொன்னாள். ஆயா உடனே மூட்டையை இன்னும் நெருக்கி மூடிக்கொண்டாள். தனக்காக என்றால் அவ்வளவு ஜாக்கிரதையாக ஏறியிருப்பாளா தெரியாது. பிள்ளைக்காக ஒவ்வொரு அடியையும் தடவிப் பார்த்து ஏறி வந்தாள். மண்ணில் கால் வைத்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

இப்படியே மெதுவாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது, டாக்டர் வரும்வரை இதே நாடகத்தைத் தொடர்வது என்று என் மனதில் திட்டம் ஓடியது. மோசமான திட்டம் ஒன்றுமில்லை. ஆனால் லூர்து என்னிடம் கேட்கவில்லை. பாதையிலேயே உட்கார்ந்தாள். மூட்டையை வாங்கி மடியில் வைத்தாள். வைத்தவள், இத்தனை நாளில் முதல் முறையாகக் குனிந்து அதைப் பார்த்தாள். மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. துண்டை மண்ணில் விரித்துப் போட்டாள். ஆயா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அவன் போயிட்டான்" என்றாள் லூர்து. "நீ ஒண்ணும் செய்யல. முந்தின ராத்திரியே அவனுக்கு உடம்பு கொதிச்சுது. ஈரத்துணியால நெத்தியத் துடைச்சு, சுடாத மாதிரி பண்ணி உன் கையில தந்தேன். உங்கிட்டச் சொல்லல. நான்தான்க்கா."

காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆயா வீட்டில் வாங்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று லூர்து ஏற்கெனவே பல நாள் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தாள். இன்னொரு நாள் நின்றால் பேரை வெட்டிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதனால் துடைத்துக் கொடுத்தாள். இத்தனை நாள் அவள் துணி மூட்டையைச் சுமந்ததற்கு ஆயாவின் மேல் வைத்த இரக்கம் பாதிக் காரணம். மீதிப் பாதி இது. நான் இரக்கத்தை மட்டும் கண்டுபிடித்துவிட்டு, எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

ஆயாவின் முகத்திலிருந்து அந்தச் சந்தோஷம் மெல்ல இறங்கிப் போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குத் தெளிவு வருவதைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு கொடுமையாக ஒன்றைப் பார்க்கவில்லை. பேசும்போது அவள் குரல் முற்றிலும் சாதாரணமாக இருந்தது.

"தெரியும்ட்டி" என்றாள். "துடைச்சா நெத்திதான் ஆறும். கையில வாங்கையில முதுகு சுட்டுச்சு. திருப்பிக் குடுத்தா உன் பேரை வெட்டிருவாகளேன்னு, வாங்கித் தூளியில போட்டுட்டேன்."

லூர்து எழுந்தாள். ஆயாவை அடித்தாள். தோளில், மாரில், கன்னத்தில், இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். நான் தடுக்க ஓரடி வைத்தேன். ஆயா தடுக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டேன். நின்றது சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அடித்துக்கொண்டிருந்த கை எப்போது கட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் பாதையில் உட்கார்ந்து, மலை முழுவதும் கேட்கும்படி அழுதார்கள். அந்தப் பிள்ளை செத்ததற்கு அவர்கள் இரண்டு பேரும் அழுதது அன்றுதான்.

மேனேஜரிடம் போய் என் தாளைத் திரும்பக் கேட்டேன். நேற்றுப் பைத்தியம் என்கிறீர்கள், இன்று இல்லை என்கிறீர்கள், எது நிஜம் என்று கத்தினார். நேற்று எழுதியது என் தப்பு என்று அவர் மேஜையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். லூர்துவின் பேர் புத்தகத்திலேயே இருந்தது. இரண்டு நாளுக்கு வந்தவள் எட்டு நாள் தங்கி, இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் தினமும் பார்த்தேன். லூர்துவே ஆயாவை மாதா கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அதன்பின் ஆயா சங்கரன்கோவிலில் தம்பி வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, ஸ்டோரில் சுலபமான வேலை பார்த்தாள். தூளி ஆட்டும் வேலைக்கு அவளும் கேட்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. காய்ச்சல் விஷயத்தை நான் எந்தத் தாளிலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். நெறிமுறைக் குழு வைத்திருக்கிறீர்களே, அவர்கள் வேண்டுமானால் என்னை விசாரிக்கட்டும்.

எழுதாமல் விட்டது இன்னும் ஒன்று உண்டு. அன்று மலையிலிருந்து இறங்கும்போது அவர்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி முன்னால் போனார்கள். பாதையில் கிடந்த துண்டை நான் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் சிஸ்டர் நின்றார். அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பியவர், என் முகத்தைப் பார்க்காமல் என் கையையே பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். துண்டு மறுபடியும் சுருட்டப்பட்டிருந்தது. என் வலது கை அதை நெஞ்சோடு அணைத்திருந்தது. இடது உள்ளங்கை, ஒரு தலை இருக்க வேண்டிய இடத்துக்கு அடியில், விரித்தபடி இருந்தது.

சிஸ்டர் இரண்டு கையையும் நீட்டி, அதை என்னிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.